பள்ளியில் திறன் பலகையும் விஞ்ஞானப் பாடமும்

கிராமப் பள்ளிக்குப் புதிய உபகரணம் ஒன்று வந்து இறங்கினால் அது ஊருக்கே செய்தியாகிவிடுகிறது. சென்ற சில ஆண்டுகளில் நம் மாநிலத்துப் பள்ளிகள் பலவற்றிற்கு அவ்வாறு வந்திருப்பது திறன் பலகை. பிள்ளைகள் அதனை ‘ஸ்மார்ட் போர்டு’ என்கிறார்கள். வீட்டிலுள்ள பாட்டிமாருக்கு அது ‘பெரிய டி.வி.’. 2024ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி 22,931 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறைகள் அமைப்பதென அரசாங்கம் முடிவு செய்தது. ஆகவே பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் இப்பலகையைத் தத்தம் ஊர்ப் பள்ளியில் கண்டிருத்தல் கூடும்.

அதைக் கொண்டு விஞ்ஞானத்தை எவ்வாறு கற்பிக்கலாம், எவ்வாறு கற்பித்தலாகாது, அதில் ஊராருக்கு உள்ள வேலை என்ன என்பவற்றை இங்கே விளக்க முற்படுகிறோம். ‘அது வாத்தியாருடைய காரியம், நமக்கென்ன?’ என்று ஒதுங்கிவிடுதல் எளிது. ஆனால் பலகையின் பயனில் ஒரு பெரும் பகுதி பள்ளிச் சுவருக்கு வெளியேதான் இருக்கிறது என்பதை நாம் நேரிலேயே கண்டோம்.

நிலக்கடலைச் செடி கற்பித்த பாடம்

செம்மண் பிரதேசத்திலுள்ள நடுநிலைப் பள்ளி ஒன்றிற்கு நாம் சென்றிருந்தபோது, எட்டாம் வகுப்பில் பயிர்களைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. பலகையில் அழகான வண்ணப்படம் ஒன்று ஓடியது. பயறு வகைச் செடிகளின் வேர்களில் சிறு முடிச்சுகள் உண்டாவதும், அவற்றினுள் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர்கள் குடியிருந்து காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு ஏற்ற உணவாக மாற்றித் தருவதும் அப்படத்தில் நன்கு விளக்கப்பட்டிருந்தன. படம் முடிந்ததும் ஆசிரியை கேள்வி கேட்டார். பிள்ளைகள் ஒரே குரலில் சரியான விடை அளித்தனர். ‘காற்றில் நைட்ரஜன் எவ்வளவு?’ என்றதற்கு ‘78 சதவீதம்’ என்ற பதில் தயங்காமல் வந்தது.

பள்ளி வேலிக்கு அப்பால் கடலைக்காடு. நாற்பது நாள் பயிர். நில உரிமையாளரின் அனுமதி பெற்று இரண்டு செடிகளைப் பிடுங்கி வரச் செய்து, வேர் முடிச்சைக் காட்டுமாறு ஒரு மாணவனைக் கேட்டோம். அவன் முதலில் பூவைப் பார்த்தான். பின்பு கணுவைத் தொட்டான். வேரில் ஒட்டியிருந்த மண்ணை உதறியும், அங்கிருந்த கடுகளவு உருண்டைகளை அவன் முடிச்சு என்று எண்ணவில்லை. பலகையில் அவை எலுமிச்சம் பழம் அளவில் இருந்தன அல்லவா! அவன் தினமும் கடலைக்காட்டின் வரப்பில் நடந்து பள்ளிக்கு வருபவன். தகப்பனாரோடு களை எடுத்தவன். அவன் மீது குற்றமில்லை. படத்தையும் செடியையும் இணைத்துக் காட்ட எவரும் இல்லாமற் போயினர்.

ஆசிரியை உடனே நிலைமையை உணர்ந்துகொண்டார். வேரை ஒரு வாளித் தண்ணீரில் அலசி, பிள்ளைகளின் கையில் கொடுத்தார். ஒரு முடிச்சைக் கிள்ளி நகத்தால் பிளக்கச் சொன்னார். உட்புறம் இளஞ்சிவப்பாக இருந்தது. ‘ஏன் சிவப்பு?’ என்ற கேள்வி பிள்ளைகளிடமிருந்தே பிறந்தது. படத்தைப் பார்த்தபோது பிறக்காத கேள்வி! நம் இரத்தத்தைச் சிவப்பாக்கும் பொருளுக்கு உறவான ஒரு பொருள் அம்முடிச்சினுள் இருக்கிறது. சிவந்த முடிச்சு வேலை செய்யும் முடிச்சு. வெளுத்தோ பசுமையாகவோ இருந்தால் அதன் வேலை இன்னும் தொடங்கவில்லை அல்லது ஓய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். இதனைக் கூறிவிட்டு ஆசிரியை மீண்டும் பலகைக்குத் திரும்பி, அதே படத்தை முடிச்சின் உட்புறம் காட்டும் இடத்தில் நிறுத்தினார். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஓரிரு பங்கே இருக்கும் நுண்ணுயிரைக் கையால் கிள்ளிக் காட்ட முடியாது. அங்கேதான் பலகை வேண்டியிருக்கிறது. இம்முறை பிள்ளைகள் படத்தைப் பார்த்த பார்வையே வேறாக இருந்தது.

செடியைக் கொடுத்த விவசாயியும் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ‘அம்மா, நூற்புழு தாக்கினாலும் வேர் இப்படித்தானே முண்டு முண்டாய் இருக்கும்? பிள்ளைங்க ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுக்கப் போகுது’ என்றார். மிகச் சரியான எச்சரிக்கை. நன்மை தரும் முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும்; விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். நூற்புழுவினால் ஏற்படும் வீக்கமோ வேரே பருத்துப்போனது, உதிராது. நாம் பார்த்த படத்தில் இந்த வேற்றுமை இல்லை. ஊரில் இருந்தது.

பலகை எவ்வாறு வேலை செய்கிறது

திறன் பலகை என்பது பெரிய திரையும் கணிப்பொறியும் தொடு உணர்வும் ஒன்றாய்ச் சேர்ந்த சாதனம். தொலைக்காட்சியில் வருவதை நாம் பார்க்கலாமேயன்றி மாற்ற முடியாது. இதிலோ திரையிலுள்ள பொருளை விரலால் நகர்த்தலாம், பெரிதாக்கலாம், அதன் மேல் எழுதலாம், அழிக்கலாம்.

விரல் படும் இடம் அதற்கு எவ்வாறு தெரிகிறது? வரிசை நடவுக்கு வயலில் கயிறு பிடிப்பதை விவசாயிகள் அறிவார்கள். பெரும்பாலான பலகைகளில் சட்டத்தின் ஓரங்களிலிருந்து கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர்கள், நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் அவ்வாறு கயிறு பிடித்தாற்போல் சென்றுகொண்டிருக்கின்றன. விரல் வைத்த இடத்தில் ஒரு நெடுக்குக் கதிரும் ஒரு குறுக்குக் கதிரும் தடைப்படுகின்றன. அவ்விரண்டும் வெட்டும் இடமே விரலின் இடம் என்று கணிப்பொறி கண்டுகொள்கிறது.

இதனைத் தெரிந்துகொள்வதில் நடைமுறைப் பயன் உண்டு. சட்டத்தின் ஓரத்தில் சாக்கட்டித் தூள் படிந்தாலும், சிறு பூச்சியொன்று வந்து உட்கார்ந்தாலும் கதிர் தடைப்படும். பலகை தானாகவே எதையோ அழுத்தியதுபோல் ஓடும். ஜன்னல் வெயில் நேரே விழுந்தாலும் இதே கோளாறு நேரலாம். ‘போர்டு கெட்டுப் போச்சு’ என்று பூட்டி வைப்பதற்கு முன், உலர்ந்த மெல்லிய துணியால் ஓரங்களைத் துடைத்துப் பார்த்தல் நலம். சாக்கட்டியால் எழுதும் கரும்பலகையைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை ஒழியும். கரும்பலகையை அகற்றிவிட வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. மின்சாரம் நின்ற நாளில் அதுவே கை கொடுக்கும்.

மின்செலவைப் பற்றிச் சிலருக்குக் கவலை உண்டு. 65 அங்குலப் பலகை ஒன்று ஏறத்தாழ 100 முதல் 200 வாட் வரை எடுத்துக்கொள்ளும். 150 வாட் என்று வைத்துக்கொண்டால், நாள்தோறும் மூன்று மணி நேரம் நடந்தாலும் அரை யூனிட் ஆகாது. 5 குதிரைத்திறன் பம்புசெட்டு ஏழெட்டு நிமிடம் ஓடினால் ஆகும் செலவு அது.

பலகையில் இடுவதற்கு என்ன இருக்கிறது

பானை எத்தகையதாயினும் உள்ளே அரிசி வேண்டும். நல்ல காலமாக இதில் நமக்குப் பஞ்சமில்லை. 2018ஆம் ஆண்டு முதல் வெளிவந்த நமது புதிய பாடநூல்களில் கட்டம் கட்டமான சதுரக் குறியீடுகள் அச்சிடப்பட்டிருப்பதைப் பெற்றோர்கள் கவனித்திருக்கலாம். கைபேசியை அதன்மேல் காட்டினால் அந்தப் பாடத்திற்குரிய படமோ பயிற்சியோ திறக்கும். மத்திய அரசாங்கம் 2017இல் தொடங்கிய தீக்‌ஷா தளத்தோடு இணைந்த ஏற்பாடு இது. 2023இல் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் சார்பில் மணற்கேணி என்னும் செயலி வெளியிடப்பட்டது. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிய அனுபவமுள்ளவர்களுக்கு அப்பெயரின் பொருத்தத்தை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பாடங்களைச் சிறு சிறு கருத்துகளாகப் பிரித்து, அசையும் படங்களாக அதில் தந்திருக்கிறார்கள். கட்டணம் எதுவும் இல்லை.

இவை பெரும்பாலும் பார்ப்பதற்கு உரியவை. பிள்ளைகள் தாமே கைவைத்துச் செய்து பார்ப்பதற்கு உரியவை வேறொரு வகை. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், பௌதிகத்தில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வைமன் என்பார் 2002இல் தொடங்கிய ஃபெட் என்னும் தொகுப்பு இவற்றுள் பெயர் பெற்றது. அதிலுள்ள பரிசோதனைகள் பலவற்றைத் தமிழிலும் நடத்தலாம். முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் இணைய இணைப்பு இல்லாத நேரத்திலும் அவை இயங்கும் என்பது கிராமப் பள்ளிகளுக்கு மிகப் பெரிய அனுகூலம்.

மின்சுற்றுப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். மின்கலம், கம்பி, விளக்கு, சுவிட்சு ஆகியவற்றைத் திரையில் விரலால் இழுத்து இணைக்கலாம். இணைப்புச் சரியானால் விளக்கு எரியும். கலத்தின் இரு முனைகளையும் வெறுங்கம்பியால் சேர்த்தால் திரையில் தீப்பற்றும். பிள்ளைகள் சிரிப்பார்கள். அறிவும் பெறுவார்கள். ஆயினும் இங்கே ஆசிரியர் ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். திரையில் தீ சுடுவதில்லை. ஈரக்கையால் தொட்டாலும் ஒன்றும் நேர்வதில்லை. பம்புசெட்டு அறையிலும் அறுந்து தொங்கும் கம்பியிலும் உயிரிழந்தோரை நம் கிராமங்கள் அறியும். திரையில் பழகிய துணிச்சலைப் பிள்ளை மோட்டார் கொட்டகைக்கு எடுத்துச் செல்லலாகாது. ஒன்றரை வோல்ட் கலத்தையும் சிறு விளக்கையும் கையில் கொடுத்துச் செய்யச் சொல்லி, வீட்டு மின்சாரம் அதைப்போல் நூற்றைம்பது மடங்குக்கும் மேற்பட்டது என்பதையும் அப்பொழுதே கூறிவிட வேண்டும்.

திரையில் பொத்தானை அழுத்துவதற்கு முன், ‘இப்பொழுது என்ன ஆகும்?’ என்று வகுப்பைக் கேட்பது மிகவும் பயன் தரும் வழக்கம். இரண்டாவது விளக்கைச் சேர்த்தால் முதல் விளக்கு மங்குமா, பிரகாசிக்குமா? பிள்ளைகள் கை தூக்கட்டும். ஏன் என்று சொல்லட்டும். அதன் பிறகு அழுத்திப் பார்க்கட்டும். தான் சொன்னது தவறாய்ப் போவதைக் கண்ட பிள்ளை அதனை எளிதில் மறப்பதில்லை.

படம் பொய் சொல்லும் இடம்

படம் எப்பொழுதும் உண்மையையே காட்டும் என்று எண்ணிவிடலாகாது. சூரிய மண்டலப் பாடத்தில் இது வெளிப்படையாகத் தெரிகிறது. திரை ஐந்தடி அகலம். அதற்குள் சூரியனும் பூமியும் சந்திரனும் அடங்க வேண்டும். ஆகவே படம் வரைவோர் தூரத்தையெல்லாம் சுருக்கிவிடுகிறார்கள். பிள்ளையின் மனத்தில் பூமிக்குப் பக்கத்து வீடாகச் சூரியன் பதிந்துபோகிறது.

இதற்கு மருந்து பள்ளிக்கு வெளியே தெருவில் இருக்கிறது. பூமியை ஒரு பெரிய கொண்டைக்கடலையாக, அஃதாவது 1 சென்டிமீட்டர் உருண்டையாக வைத்துக்கொள்வோம். சந்திரன் ஒரு கம்பு மணி. அதனைக் கடலையிலிருந்து ஓரடி தள்ளி வைக்க வேண்டும். சூரியன் மூன்றரை அடிக் குறுக்களவுள்ள உருண்டை. பழைய வண்டிச் சக்கரம் சிறிதாக ஒன்று கிடைத்தால் அடையாளத்திற்குப் போதும். அச்சக்கரத்தை நிறுத்த வேண்டிய இடம் கடலையிலிருந்து 117 மீட்டர் தூரம். பல ஊர்களில் பள்ளி வாசலில் கடலையை வைத்தால் சக்கரம் கோயில் வரை போய்விடும்! இதைத் தெருவில் நடந்து அளந்த பிள்ளைகள் வகுப்பிற்குத் திரும்பித் திரையைப் பார்த்ததும், ‘படத்துல தப்பா போட்டிருக்காங்க’ என்று சொன்னால் அன்றைய பாடம் வெற்றி பெற்றது என்று கொள்ளலாம்.

சந்திரனின் வளர்பிறை தேய்பிறையையோ, நாளை மாலை மேற்கே தெரியும் கிரகம் எது என்பதையோ காட்டுவதற்கு ஸ்டெல்லேரியம் என்னும் இலவசச் செயலி உதவும். ஊரையும் நாளையும் குறித்தால் அவ்வூர் வானத்தையே அது திரையில் கொண்டுவரும். மாலையில் வீட்டு வாசலில் அண்ணாந்து பார்த்து ஒத்துப்பார்க்கும் வேலையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.

கையால் செய்யும் சோதனைகளுக்கென நம் மாநிலத்தில் 2022 நவம்பரில் வானவில் மன்றம் என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்குக் கருத்தாளர்கள் உபகரணங்களோடு பள்ளிக்கே வந்து சோதனைகளைச் செய்யவைக்கும் ஏற்பாடு இது. திறன் பலகையும் இத்தகைய சோதனையும் ஒரே வாரத்தில் ஒரே பாடத்திற்கு அமையுமாறு ஆசிரியர்கள் பார்த்துக்கொண்டால் நன்று.

பஞ்சாயத்தார் கவனிக்க வேண்டியவை

பலகையை வாங்கி மாட்டினால் படிப்பு தானே உயரும் என்ற நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 2003-04இல் லண்டன் நகர உயர்நிலைப் பள்ளிகளில் ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம் ஆகிய பாடங்களுக்காக இத்தகைய பலகைகளைப் பெருமளவில் வைத்தார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்வியியல் நிறுவனத்தார் அதனை ஆராய்ந்து 2007இல் அறிக்கை வெளியிட்டனர். பலகை வந்த முதலாண்டில் மாணவர்களின் தேர்ச்சியில் குறிப்பிடத்தக்க உயர்வு காணப்படவில்லை என்பது அதன் முடிவுகளில் ஒன்று. செல்வம் மிக்க நகரத்திலேயே நிலைமை இதுவானால், இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்த்துக்கொள்ளும் நமது சிறு பள்ளிகளில் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்! ஓர் ஆசிரியர் விடுப்பில் சென்ற நாளில், மூன்று வகுப்புப் பிள்ளைகளையும் ஒன்றாய் உட்காரவைத்துப் படத்தை ஓடவிடும் ஆசை எழுவது இயல்பே. அதற்கு ஆசிரியரைக் குறை கூறிப் பயனில்லை. ஆனால் அந்தப் பழக்கம் வேரூன்றினால் பலகை ஆசிரியருக்கு உதவியாக இராமல், அவர் இல்லாத குறையை மறைக்கும் திரையாகிவிடும். ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் அதை நிரப்பும்படி கேட்பதே முறை.

அரசியலமைப்பின் பதினோராம் அட்டவணையில் பஞ்சாயத்துக்குரிய விஷயங்களாகக் குறிக்கப்பட்டவற்றுள் தொடக்க, இடைநிலைப் பள்ளிக் கல்வியும் அடங்கும். கிராம சபையில் பள்ளியைப் பற்றிய பேச்சு சுற்றுச்சுவர், கழிப்பறை, குடிநீர் என்பதோடு நின்றுவிடுகிறது. அவை அவசியமே. அவற்றோடு பலகை உள்ள அறையின் நிலையையும் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்தல் நலம். ஓடு ஒழுகுகிறதா? ஜன்னலுக்குத் திரை உண்டா? மின்னிணைப்பில் எர்த் கம்பி சரியாகப் பதிக்கப்பட்டிருக்கிறதா? இடி மின்னல் வேளையில் பிளக்கைப் பிடுங்கிவைக்கும் பொறுப்பு யாருடையது? மாலையில் அறையைப் பூட்டுகிறவர் யார்? பஞ்சாயத்து அலுவலகத்திற்குக் கண்ணாடியிழை இணைய இணைப்பு வந்திருந்தால் அது பள்ளிக்கும் எட்டும்படி செய்ய வழியுண்டா என்று விசாரிக்கலாம். இல்லையெனில் வாரம் ஒருமுறை ஆசிரியர் அலுவலகத்திற்கு வந்து வேண்டிய பாடங்களை இறக்கிக்கொள்ளவாவது இடம் தரலாம்.

பழுதுபார்க்கும் ஏற்பாட்டைப் பற்றி ஒரு பழைய அனுபவத்தை நினைவூட்ட விரும்புகிறோம். 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் உதவியால் ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானமும், மாலையில் பெரியோர்களுக்கு விவசாயமும் சுகாதாரமும் இடம் பெற்றன. அந்த முயற்சியில் பெட்டிகளைப் பழுதுபார்ப்பதற்கென்றே ஆட்களையும் வாகனங்களையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தார்கள். நாமோ பெட்டி வந்த தேதியைக் குறித்துவைக்கிறோம். உத்தரவாதக் காலம் முடியும் தேதியைக் குறிப்பதில்லை. பலகையின் உத்தரவாதச் சீட்டில் ஒரு நகல் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் இருக்க வேண்டும். பழுதானால் எங்கே, எவரிடம், எந்த நாளில் தெரிவிக்கப்பட்டது என்பதை ஒரு நோட்டில் எழுதி வந்தால், அடுத்த கூட்டத்தில் கேட்பதற்கு ஆதாரம் கிடைக்கும்.

பள்ளிக்குச் செல்லும்போது, ‘போர்டு ஓடுகிறதா?’ என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டாம். ‘இந்த வாரம் விஞ்ஞானத்தில் என்ன பாடம்? அதற்கு எங்கள் காட்டிலிருந்து ஏதேனும் வேண்டுமா?’ என்று கேட்கலாம். முளைவிட்ட விதைநெல் ஒரு கைப்பிடி, களிமண்ணும் மணலும் செம்மண்ணும் ஒவ்வொரு கொட்டாங்கச்சி, இலைச்சுருட்டுப் புழு தின்ற இலை, மண்புழு நெளியும் தொழு உரம், சொட்டுநீர்க் குழாயின் ஒரு துண்டு: இவற்றுள் எதையும் எந்த நிறுவனமும் கணிப்பொறிக்குள் வைத்து அனுப்ப முடியாது. நாம் சென்று வந்த அந்தச் செம்மண் ஊரில், கதவோரம் நின்ற விவசாயியிடம் ஆசிரியை புறப்படும்போது சொல்லியனுப்பினார்: ‘அடுத்த செவ்வாய்க்கிழமை நூற்புழு விழுந்த வேர் ஒன்று கிடைத்தால் கொண்டு வாருங்கள் ஐயா, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.’